அச்சேறிய பெயர்களும் அச்சேறாத பெயர்களும்: பழைய நாளிதழ்களில் குடும்ப வரலாறு தேடுதல்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவற்றின் வரலாறு ஒரு கப்பல் பயணத்திலிருந்து தொடங்குகிறது. அப்பயணத்தை மேற்கொண்டவர் யார், எந்த ஊரினர், எந்த ஆண்டில் வந்தார் என வினவினால் பாட்டனார் வரை விடை கிடைக்கும். பூட்டனார் பெயரைக் கேட்டால் தயக்கம் பிறக்கும். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டால் பல வீடுகளில் மௌனமே விடையாகும். நிலப்பத்திரம் வைத்திருந்தோர், வணிகக் கணக்கேடு பேணியோர், அரசு அலுவலில் இருந்தோர் ஆகியோரின் வழியினர்க்கு ஏதேனும் ஓர் ஏடு எஞ்சியிருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து, லயத்தில் மறைந்தோரின் வழியினர்க்கு அத்தகைய ஏடு அரிது.

இந்நிலையில், பழைய நாளிதழ்கள் மின்வடிவம் பெற்றிருப்பது நமக்கு வாய்த்த ஒரு நற்பேறு. எனினும், தேடுபெட்டியில் பாட்டனார் பெயரைத் தட்டி, ஒன்றும் கிடைக்காமல் அன்றே முயற்சியைக் கைவிடுவோர் பலர். பெயரை மட்டும் கொண்டு தேடுவோர்க்கு நாளிதழ் எளிதில் இடம் கொடுப்பதில்லை. இடம், கப்பல், தொழில், நிகழ்ச்சி, நாள் ஆகியவற்றைக் கொண்டு தேடுவோர்க்கே அது வழிவிடும். ஆங்கில இதழில் வெறும் எண்ணாக நின்ற தமிழரைப் பெயருடன் காணும் வாய்ப்பு மிகுந்த இடம் தமிழ் இதழ். ஆதலின், தமிழ்க் குடும்ப வரலாற்று ஆய்வு தமிழ் படிக்கத் தெரிந்தோரின் கையில் இருக்கிறது. இவ்வுரை நிறுவ முயல்வது இதனையே.

எவை கிடைக்கின்றன

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் நடத்தும் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்னும் மின்தொகுப்பு இவ்வகைத் தேடலுக்கு முதல் வாயில். 1845இல் தொடங்கிய 'தி ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ்', 1914 முதல் வெளிவந்த 'மலாயா டிரிபியூன்' போன்ற ஆங்கில இதழ்கள் அதில் உள்ளன. அவை சிங்கப்பூரில் அச்சாயினும் பினாங்கு, பேராக், சிலாங்கூர், ஜொகூர்ச் செய்திகளையும் தாங்கி வந்தன. ஆகவே, மலேசியக் குடும்பங்களுக்கும் அவை பயன்படும்.

தமிழில் 1887 முதல் 1890 வரை சி. கு. மகுதூம் சாயபு நடத்திய 'சிங்கை நேசன்' வார இதழைத் திரையில் படிக்கலாம். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வெளியீடாகத் தோன்றி, பின்னர்க் கோ. சாரங்கபாணியின் பொறுப்பில் வளர்ந்த 'தமிழ் முரசு' இதழும் மின்வடிவில் இடம்பெற்றுள்ளது. கோலாலம்பூரில் 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' மலேசியத் தோட்டப்புறச் செய்திகளுக்கு இன்றியமையாத ஊற்று. இவ்விதழைத் தேடுவோர் நூலகங்களை நேரில் நாட வேண்டியும் இருக்கும். உரிமைக் கட்டுப்பாடு காரணமாகச் சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே காண இயலும் என்பதையும் தேடுவோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

எண்ணப்பட்டோரும் பெயரிடப்பட்டோரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில இதழ்களில் கப்பல் வருகைப் பகுதி ஒழுங்காக வெளிவந்தது. கப்பலின் பெயர், புறப்பட்ட துறைமுகம், வந்த நாள் ஆகியன அதில் இருக்கும். மேல்வகுப்பில் வந்தோரின் பெயர்களும் இருக்கும். தளத்தில் அமர்ந்தும் படுத்தும் வந்த பயணிகளோ 'தளப் பயணிகள்' என்ற தலைப்பின்கீழ் ஓர் எண்ணாகச் சுருங்குவர். நம் முன்னோருள் மிகப் பலர் அந்த எண்ணுக்குள் இருக்கின்றனர்.

பெயர் இல்லை என்பதால் அப்பக்கம் பயனற்றதாகிவிடாது. குடும்ப நினைவில் கப்பலின் பெயரோ, வந்த மாதமோ இருக்குமாயின், அந்நாளில் எத்துறைமுகத்திலிருந்து எக்கப்பல் வந்தது என்பதை இப்பகுதி உறுதிசெய்யும். குடும்ப நினைவைச் சோதிக்கவும் அது உதவும். 'ரஜூலா' கப்பலில் வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம். அக்கப்பல் கட்டப்பட்ட ஆண்டு 1926. ஆகவே, 1910இல் பிறந்த பிள்ளையுடன் அதற்கடுத்த ஆண்டே ரஜூலாவில் வந்ததாக ஒரு குடும்பத்தில் கூறப்படுமாயின், ஆண்டிலோ கப்பலின் பெயரிலோ பிறழ்ச்சி இருத்தல் வேண்டும். நெடுங்காலம் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய அக்கப்பலின் பெயர், பிற கப்பல்களின் பெயர்களை நினைவிலிருந்து அகற்றியிருத்தலும் கூடும்.

அரசின் குடிநுழைவுக் கொள்கையும் கால எல்லையை வரையறுக்க உதவும். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் நேர்ந்த பொருளாதார மந்தத்தின்போது பெருந்தொகையான தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்துக்குத் தடைவிதித்தது. ஒருவர் ஒப்பந்தக் கூலியாக வந்தாரா, கங்காணியுடன் வந்தாரா, சொந்தச் செலவில் வந்தாரா என்பது தெரியுமாயின், தேட வேண்டிய ஆண்டுகளின் பரப்பு வெகுவாகக் குறையும்.

ஒரு பெயரின் பல உருவங்கள்

ஆங்கில இதழ்களில் தமிழ்ப் பெயர்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இருந்ததில்லை. செய்தியாளரின் காதில் விழுந்தவாறு பெயர் எழுதப்பட்டது. முத்துசாமி என்னும் பெயரின் உகரத்தை ஒருவர் 'யு' என்ற எழுத்தால் குறிப்பார்; மற்றொருவர் இரட்டை 'ஓ' இடுவார். 'சாமி' என்னும் ஈற்றில் 'டபிள்யு' நுழைவதும் உண்டு. தகரம் 'டி' என்றும், 'டி-எச்' என்றும், 'டி' எழுத்தின் மெல்லொலி வடிவிலும் வரும். ழகரத்தை 'எல்' எழுத்தாலும் 'இசட்-எச்' இணைப்பாலும் எழுதினர். ஆதலின், ஒரு பெயருக்குப் பத்து எழுத்துக்கூட்டல்களையேனும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் தேடுவதே முறை.

பெயரின் உறுப்புகளும் காலத்துக்கேற்ப மாறின. தந்தை பெயர் முழுமையாக வந்த இடத்தில் பின்னர் முதலெழுத்து மட்டும் நின்றது. நகரத்தார் தம் வணிக நிறுவனங்களுக்கு வழங்கிய 'விலாசம்' என்னும் முதலெழுத்து வரிசை, முகவரின் பெயருக்கு முன்னும் வரும். முகவர் தவணை முடிந்து ஊர் திரும்பிய பின்னும் அவ்விலாசம் தொடரும். தந்தை பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். அக்காலத்தை ஒட்டிப் பரவிய சீர்திருத்த உணர்வால் தம் பெயரினின்று சாதிப்பட்டத்தை நீக்கியோரும் உளர். 1925இல் பட்டத்துடன் தோன்றும் ஒருவர் 1935இல் பட்டமின்றித் தோன்றுவாராயின் அவரை வேறொருவராகக் கொண்டுவிடலாகாது.

தமிழ் இதழ்களில் வேறொரு தடை உண்டு. அச்சுப்பக்கத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் கணினி நிரல், பழைய தமிழ் அச்சில் அடிக்கடி தடுமாறும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள ஒற்றுமை அதனை மயக்கும். தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையால் கைவிடப்பட்ட பழைய வடிவங்கள், குறிப்பாக ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்கள், இன்னும் தொல்லை தரும். நுண்படச்சுருளிலிருந்து மின்வடிவம் பெற்ற பக்கங்களில் மை பரவியும் மங்கியும் இருக்கும். வேற்றுமை உருபு ஏறினாலும் சொல்லின் வடிவம் மாறும். 'இராமசாமி' என்று தேடுவோர்க்கு 'ராமசாமியின்' என்பதும், 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்னும் மதிப்பு முன்னொட்டுடன் அச்சான பெயரும் அகப்படாமற் போகலாம். எனவே, தமிழ் இதழைப் பொறுத்தவரை தேடுபெட்டியை நம்பியிருத்தல் போதாது. நாளைக் கணித்து, அவ்விதழைத் திறந்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்தல் வேண்டும்.

நாளும் இடமும்

நாளைக் கணிப்பதற்குத் தமிழ் ஆண்டு முறை பற்றிய அறிவு துணைபுரியும். பெரியோர் பலர் ஆண்டுகளை அறுபதாண்டு வட்டத்தின் பெயர்களால் நினைவு கூர்ந்தனர். 'தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் புறப்பட்டோம்' என்ற குடும்ப வழக்கு 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைச் சுட்டும். 'சர்வசித்து' என்பது 1887-88ஆம் ஆண்டைக் குறிக்கும். அதே பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளும் என்பதால், தாத்தாவின் வயதோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். பழைய அச்சில் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கு ௳, ௴, ௵ என்னும் குறிகளும் வரும். இவற்றை அறியாதோர் தேதியையே தவறவிடுவர். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் அச்சான ஆங்கில இதழில் 1942ஆம் ஆண்டு 2602 என ஜப்பானிய முறைப்படி குறிக்கப்பட்டது.

இடப்பெயர்களும் மாறியுள்ளன. போர்ட் கிள்ளான் 1972க்கு முன் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. இன்றைய தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன். செபராங் பிறை அன்று புரோவின்ஸ் வெல்லெஸ்லி. சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர் செட்டித்தெரு என்றே வழங்கினர். தோட்டங்களுக்கும் நிறுவனம் இட்ட ஆங்கிலப் பெயரொன்றும், தொழிலாளர் நாவில் வழங்கிய தமிழ்ப் பெயரொன்றும் இருந்தன. வீட்டுப் பெரியவர் சொல்லும் தமிழ்ப் பெயரை மட்டும் கொண்டு ஆங்கில இதழில் தேடினால் பயன் விளையாது. அத்தோட்டத்துக்கு அருகிலிருந்த இரயில் நிலையம், ஆறு, பட்டணம் ஆகியவற்றைக் கேட்டறிந்து ஆங்கிலப் பெயரைக் கண்டுகொள்ள வேண்டும். இவ்விரு பெயர்களையும் இணைத்துச் சொல்லக்கூடியோர் முதியோரே. இணையத்தில் தேடுமுன் அவர்களிடம் தேடுவதே முதற்படி.

கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

ஒரு குடும்பத்தில், 'தாத்தா கிள்ளான் பக்கம் பால் வெட்டினார். கலகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்னும் நினைவு மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கு நிகழ்ச்சியைத் தேட வேண்டும். கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் 1941இல் நிகழ்ந்தது. இந்தியத் தொழிலாளர்க்கும் சீனத் தொழிலாளர்க்கும் சம ஊதியம், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுதல், துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியன அவர்களுடைய கோரிக்கைகளுள் அடங்கும். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். அவர் கைதாகி நாடுகடத்தப்பட்டார். மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர்.

இவ்வளவும் அறிந்தபின் தேடல் வேறு வடிவம் கொள்கிறது. 1941 மார்ச் முதல் ஜூன் வரை ஆங்கில இதழ்களை நாள்தோறும் படித்து, செய்தியில் வரும் தோட்டப் பெயர்களைப் பட்டியலிட வேண்டும். குடும்பம் வாழ்ந்த தோட்டம் அப்பட்டியலில் உளதா என்று காண வேண்டும். வழக்குமன்றச் செய்திகளில் தண்டனை பெற்றோர் பெயர்கள் வந்துள்ளனவா என ஆராய வேண்டும். பின்னர் அதே நாள்களுக்குரிய தமிழ் இதழை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படித்தல் வேண்டும்.

இரண்டும் ஒன்றேபோல் பேசும் என எதிர்பார்த்தல் தகாது. அரசின் அறிக்கையை அடியொற்றி எழுதப்படும் செய்தியில் தொழிலாளி கூட்டத்தின் ஓர் உறுப்பாகவே தோன்றுவார். துரைக்குப் பெயர் இருக்கும், தோட்டத்துக்குப் பெயர் இருக்கும், அவருக்குப் பெயர் இராது. 'கலகம்' என்ற சொல்லே அந்தச் செய்தியிலிருந்து குடும்ப நினைவுக்குள் புகுந்திருக்கக்கூடும். வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகச் சிறை சென்ற ஒருவரை, அவருடைய பேரப்பிள்ளைகள் எண்பது ஆண்டுகளாகக் 'கலகக்காரர்' என்று சற்றே கூச்சத்துடன் நினைந்து வந்திருப்பாராயின், அக்கோரிக்கைகளைப் படிக்கும்போது அந்நினைவு மாறும். தாத்தாவின் பெயர் கடைசிவரை கிடைக்காமற் போனாலும், அவர் எதற்காகப் பிடிபட்டார் என்பது கிடைத்துவிடும். குடும்ப வரலாற்றுக்கு இது சிறிய பேறன்று.

தமிழ் இதழில் எளியோர்

ஆங்கில இதழில் ஓர் எளிய தமிழர் பெயருடன் தோன்றுவது பெரும்பாலும் விபத்து, வழக்கு, மரணம் ஆகியவற்றின் பொருட்டே. குடியுரிமை வேண்டுவோர் விளம்பரம், இறந்தோர் சொத்துக்குரிய கடனாளர் அறிவிப்பு, மனைவியின் கடனுக்குத் தாம் பொறுப்பல்லர் எனக் கணவன்மார் வெளியிட்ட அறிவிப்பு ஆகிய சட்ட விளம்பரங்களிலும் பெயர்கள் கிடைக்கும். தமிழ் இதழிலோ, வாழ்க்கையின் நல்ல நாள்களுக்கும் இடம் இருந்தது. திருமணச் செய்தி, கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல், சங்கத் தேர்தல், பள்ளி ஆண்டுவிழாப் பரிசு, நாடகத்தில் வேடமேற்றோர், வாசகர் கடிதம் எனப் பலவகையாலும் பெயர்கள் அச்சேறின.

1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாளை ஒட்டிய செய்திகளையும், 1950களில் 'தமிழ் முரசு' மாணவர்க்கென நடத்திய மாணவர் மணிமன்றப் பகுதியையும் குடும்ப வரலாறு தேடுவோர் தவறவிடலாகாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்துடன் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உட்பட எளியோர் பலர் அதற்கு நன்கொடை அளித்தனர். இத்தகைய நிதித் திரட்டுகளை ஒட்டிய செய்திகளும் பட்டியல்களும் ஓர் ஊரில் அன்று யார் யார் இருந்தனர் என்பதை அறிய உதவக்கூடியவை.

அனைத்தினும் மேலாக, இறப்பு அறிவிப்புகளையும் நினைவஞ்சலிகளையும் குறிப்பிட வேண்டும். ஒரே கட்டத்துக்குள் பிறந்த ஊர், மனைவி மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எனக் குடும்ப மரமே அடங்கிவிடும். ஆங்கில இதழில் கணவர் பெயருக்குள் மறைந்த பெண்கள் பலர் தம் சொந்தப் பெயருடன் தோன்றும் இடமும் இதுவே. பூட்டியின் பெயரைத் தேடுவோர், அவருடைய பிள்ளைகளுள் கடைசியாக மறைந்தவரின் இறப்பு அறிவிப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் நல்ல வழி.

மௌனமும் பிறழ்வும்

தேடியும் கிடைக்காத இடங்கள் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் 'தமிழ் முரசு' வெளிவரவில்லை. வெளிவந்த இதழ்கள் படையதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. அவ்வாண்டுகளில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில்பாதையில் மடிந்தனர். அவர்களுடைய பெயர்களை அக்கால இதழ்களில் எதிர்பார்க்க இயலாது. அங்கு நமக்குத் துணையாவன வாய்மொழி வரலாறுகள். சிங்கப்பூரில் 1979 முதல் பதிவு செய்யப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களை நாளிதழோடு இணைத்துக் கேட்டல் வேண்டும்.

கிடைத்ததை ஏற்பதிலும் நிதானம் தேவை. ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் வாழ்ந்தனர். பெயர் பொருந்துவது மட்டும் சான்றாகாது. தொழில், தந்தை பெயர், தோட்டம், வயது ஆகியவற்றுள் இரண்டேனும் உடன் பொருந்துதல் வேண்டும். நாளிதழின் பெயர், தேதி, பக்கம் ஆகியவற்றை அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். எவ்விதழில் எந்நாள் முதல் எந்நாள் வரை தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதி வைத்தால், அடுத்துத் தேடுவோர்க்கு அவ்வுழைப்பு மிஞ்சும்.

வழக்குச் செய்திகளில் குடும்பத்துக்குத் துயரம் தரும் செய்திகளும் அகப்படலாம். குற்றஞ்சாட்டப்பட்டார் என்ற செய்தியைக் கண்டவுடன் முடிவு கட்டாது, விடுதலையானாரா என்பதை அடுத்த வாரங்களின் இதழ்களிலும் பார்க்க வேண்டும். வீட்டு முதியோர் உயிருடன் இருக்கும்போது அத்தகைய செய்தியைப் பலர் அறியப் பரப்புமுன் அவர்களுடைய இசைவைப் பெறுதல் பண்பாகும்.

யார் படிப்பது?

பக்கங்கள் மின்வடிவில் காக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் படிக்க வல்லோர்தாம் குறைந்து வருகின்றனர். துதிக்கை எழுத்தையும், ௵ என்னும் குறியையும், 'உபயம்' என்ற சொல்லின் பொருளையும் அறிந்த தலைமுறை ஒன்று இன்று நம்மிடையே உள்ளது. தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் ஒருசேரச் சொல்லக்கூடியவர்களும் அத்தலைமுறையினரே. கணினியைக் கையாளும் திறன் அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் இருக்கிறது. இவ்விரு தலைமுறையும் ஒரே திரையின் முன் அமர்ந்தாலன்றி இத்தேடல் நிறைவுறாது.

ஆகவே, நம் சங்கங்களும் பள்ளிகளும் நூலகத் தமிழ்ப் பிரிவுகளும் இதனைக் கூட்டுப்பணியாக மேற்கொள்ளலாம். ஒவ்வொரு குழுவும் ஓர் ஊரையோ ஒரு தோட்டத்தையோ எடுத்துக்கொண்டு, அதனைப் பற்றித் தமிழ் இதழ்களில் வந்த பெயர்களைத் தேதியுடன் தொகுத்துப் பெயரடைவு ஒன்று அமைக்குமாயின், கணினியால் கண்டுபிடிக்க இயலாத பெயர்களும் தேடுவோர் கைக்கு எட்டும். அப்பட்டியலில் தம் பூட்டியின் பெயரை முதன்முறையாக எழுத்தில் காணப்போகும் குடும்பங்கள் பல இருக்கும். அவ்வெழுத்து தமிழெழுத்தாகவே இருக்கும் என்பதை இளையோரிடம் நாம் எடுத்துரைக்க வேண்டும்.